200 மணித்தியாலத்தோடு எயார்லைனுக்கு எழுதலாமா?

"அக்கா, எனக்கு இப்ப 170 மணித்தியாலம் ஆகுது. எயார்லைனுக்கு எப்ப அப்ளை பண்ணுறது? 200 முடிஞ்ச உடனேயோ, இல்லாட்டி 500, 1,000 எண்டு ஏத்திப்போட்டோ?" விமானியாகப் படிக்கிற விசுவமடுத் தம்பி ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. மணித்தியாலம் என்று அவர் சொல்வது இதுவரை பறந்த நேரத்தை. பின்னால் அவருடைய அம்மா, "எப்ப சம்பளம் வருமெண்டும் கேள்" என்று சொல்வதும் கேட்கிறது. அம்மாவின் கேள்வியும் நியாயமானதுதான். வயல் காணியை ஈடு வைத்துப் படிப்பிக்கிற வீடு அது.

இதே கேள்வியை மாங்குளத்திலிருந்தும் முள்ளியவளையிலிருந்தும் வேறு பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்பும்போது ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது. ஆகவே தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் கிளிநொச்சிப் பிள்ளை. ரத்மலானையில் பறக்கப் படித்து, அங்கேயே சில வருடம் இன்ஸ்ட்ரக்டராக இருந்துவிட்டு, இப்போது ஒரு எயார்லைனில் துணை விமானியாக வேலை செய்கிறேன்.

பதில் இதுதான்: வர்த்தக விமானி லைசென்ஸும், அதோடு இரட்டை எஞ்சின் ரேற்றிங்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேற்றிங்கும் கைக்கு வந்த அன்றைக்கே விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். (ரேற்றிங் என்பது லைசென்ஸில் சேர்கிற கூடுதல் தகுதி. இன்ஸ்ட்ருமென்ட் ரேற்றிங் என்றால் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கிற தகுதி.) ஒரு கிழமைகூடத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் அந்த விண்ணப்பத்துக்கான ஆயத்தத்தை 150 மணித்தியாலம் அளவிலேயே தொடங்கிவிட வேண்டும். 170இல் நிற்கிற தம்பி ஏற்கனவே அந்தக் கட்டத்துக்குள் வந்துவிட்டார்.

"1,500 மணித்தியாலம் வேண்டாமோ அக்கா?" என்று கேட்பவர்கள்தான் கூட. யூடியூப்பில் நம் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்க விமானிகளின் காணொளிகள். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. 2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு, கொல்கன் எயார் 3407 என்ற விமானம் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் தரையிறங்க வந்துகொண்டிருந்தபோது விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் வீட்டுக்குள் இருந்த ஒருவரும் இறந்தார்கள். (அந்த மாதம் நாங்கள் எங்கே, எப்படி இருந்தோம் என்று வன்னியில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. இப்படி ஒரு விமானம் விழுந்ததே பல வருடத்துக்குப் பிறகு பாடப் புத்தகத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.) இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. 2010இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் கொண்டுவந்தது. 2013 ஓகஸ்ட் முதல் அங்கே பயணிகள் எயார்லைனில் துணை விமானியாக உட்காரவும் பொதுவாக 1,500 மணித்தியாலம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் விமானத்துறைப் பட்டம் எடுத்தவருக்கு 1,000, இராணுவத்தில் பறந்தவருக்கு 750 என்று சலுகை உண்டு. விழுந்த விமானத்தின் இரண்டு விமானிகளுக்குமே 1,500க்கு மேல் இருந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்து வைத்திருங்கள். வேகம் குறைந்து ஸ்டோல் எச்சரிக்கை, அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் சக்தியை இழக்கப் போகிறது என்ற எச்சரிக்கை, வந்தபோது, முன்னே தள்ள வேண்டிய கட்டுப்பாட்டைக் கப்டன் பின்னே இழுத்தார். எண்ணிக்கை அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை.

எப்படியென்றாலும் அது அமெரிக்காவின் சட்டம். இலங்கை உட்பட மற்ற நாடுகள் பெரும்பாலும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவைத்தான் பின்பற்றுகின்றன. அதன்படி வர்த்தக லைசென்ஸுக்கு 18 வயதும் 200 மணித்தியாலமும் போதும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சி என்றால் 150. அந்த லைசென்ஸோடு, உரிய ரேற்றிங்குகளும் இருந்தால் துணை விமானியாகலாம். 1,500 என்பது ஏ.ரி.பி.எல். என்கிற பெரிய லைசென்ஸுக்கு, அதாவது கப்டன் இருக்கைக்கு. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 200 சொச்சம் மணித்தியாலத்தோடு ஏ-320 பயணிகள் விமானத்தின் வலப்பக்கத்தில், அதாவது துணை விமானி இருக்கையில், உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே "எனக்கு இன்னும் காணாது" என்று நீங்களே உங்களைக் கழித்துவிடாதீர்கள். காணுமா காணாதா என்று சொல்வது கொம்பனியின் வேலை.

200 என்பது வெறும் கூட்டுத்தொகை இல்லை என்பதையும் கவனியுங்கள். அதற்குள் 100 மணித்தியாலம் நீங்களே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் 300 கடல்மைலுக்குக் குறையாமல் போய், நடுவே வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி எழும்பியிருக்க வேண்டும். இராப் பறப்பு, கருவிப் பறப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. இன்ஸ்ட்ருமென்ட் ரேற்றிங்குக்கு இன்னொரு கணக்கு: பொறுப்பு விமானியாக 50 மணித்தியாலம் தூரப் பயணம், 40 மணித்தியாலம் கருவிப் பறப்பு. அதில் ஒரு பகுதியைத் தரையில், விமானத்தைப் போலவே இயங்குகிற சிமுலேட்டரில் செய்யலாம். 170இல் நிற்பவர் மிச்சம் 30ஐ எப்படிச் செலவழிக்கிறார் என்பது மிக முக்கியம். ரத்மலானையைச் சுற்றியே வட்டமடித்துக் கணக்கை நிரப்பினால் 200 வரும், ஆனால் தூரப் பயணம் குறையும். பிறகு அதற்கென்று தனியாகக் காசு கட்டிப் பறக்க வேண்டி வரும். உங்கள் இன்ஸ்ட்ரக்டரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு மணித்தியாலமும் எந்தத் தேவையை அடைக்கிறது என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றை எஞ்சின் லைசென்ஸ் மட்டும் இருக்கும்போது எயார்லைனுக்கு எழுதுவதில் பயனில்லை. அந்தக் காலத்தில் எழுதாமல் இருப்பதே சரி.

சரி, 150இல் தொடங்கச் சொன்னேனே, அந்த ஆயத்தம் என்ன? வன்னிப் பிள்ளைகளுக்கு முதல் வேலை பறப்பது பற்றியதே இல்லை. கடதாசிகள்.

கொழும்பில் வளர்ந்த ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழ் அலுமாரிக்குள் இருக்கும். எங்களில் எத்தனை பேருக்கு அப்படி? எங்கள் வீட்டில் எல்லாச் சான்றிதழும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டி 2009இல் எந்தப் பதுங்குகுழியோரம் விடப்பட்டது என்று அம்மாவுக்கே ஞாபகமில்லை. பிறகு எடுத்த பிரதிகளில் அப்பாவின் பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. தமிழில் ஒரே பெயர்தான், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடிவிட்டது. எங்கள் ஊர்க் காரியாலயத்தில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் எயார்லைன் ஒன்று கடவுச்சீட்டு, லைசென்ஸ், மருத்துவச் சான்றிதழ், ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். விமான நிலையத்துக்குள் போகிற பாதுகாப்பு அனுமதிக்கும் பொலிஸ் நற்சான்றுக்கும் அதே பெயர்தான் போகும். ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் சத்தியக் கடதாசி, விளக்கக் கடிதம் என்று இழுபடும்.

இன்னொன்று, இணையத்தில் நிரப்புகிற விண்ணப்பத்தில் குடும்பப் பெயர், முதற் பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். நம்மில் பலர் அப்பாவின் பெயரை முன்னால் போடுகிறோம், சிலர் பின்னால், சிலர் எழுத்தாக மட்டும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள், லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போதே. கடவுச்சீட்டிலேயே பிழை என்றால், அதைத் திருத்த வவுனியாக் காரியாலயத்துக்கு இப்போதே போங்கள். விளம்பரம் வந்த பிறகு விடியப்புறம் போய் வரிசையில் நிற்க நேரம் இருக்காது. விசுவமடுத் தம்பிக்கு நான் சொன்ன முதல் வேலையும் இதுதான்.

அடுத்தது ஆங்கிலம். விமானிகளுக்கான ஆங்கிலத் தேர்ச்சியை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். சர்வதேசப் பறப்புக்குக் குறைந்தது 4 வேண்டும், அதையும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிப்பார்கள். தமிழ் மொழியில் படித்து வந்த பிள்ளைகள் ரேடியோவில் பேசுவதைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதற்குத் திருப்பிச் சொல்லும் வசனங்கள் ஒரு கணக்குக்குள் அடங்கும். நேர்முகத்தில் சிக்குவது வேறு இடத்தில்: "நீங்கள் இன்ஸ்ட்ரக்டரோடு உடன்படாத ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒரு கதையைத் தொடங்கி முடிக்கத் தெரிய வேண்டும். அதைக் கடைசிக் கிழமையில் மனப்பாடம் செய்ய முடியாது. ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் அன்று நடந்ததை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் போனில் பேசிப் பதிவு செய்து, திருப்பிக் கேளுங்கள். பழகப் பழக வாய் திறக்கும்.

இனி லொக்புக், அதாவது ஒவ்வொரு பறப்பையும் எழுதி வைக்கிற பதிவுப் புத்தகம். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் இன்ஸ்ட்ரக்டராக இருந்தபோது பிள்ளைகளின் லொக்புக்குகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தை விரித்துப் பாருங்கள். இடமிருந்து திகதி, விமான வகை, 4ஆர் என்று தொடங்கும் பதிவு இலக்கம், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம். பிறகு பொறுப்பு விமானி, இன்ஸ்ட்ரக்டரோடு, இரவு, கருவி என்று கட்டங்கள். கீழே மூன்று கூட்டல் வரி: இந்தப் பக்கம், முன்னைய பக்கம் வரை, மொத்தம். பிழை நுழைவது இந்த மூன்று வரியில்தான். 40ஆம் பக்கத்தில் ஒரு கட்டத்தில் 6 என்பதை 8 என்று கொண்டுபோனால், அந்தப் பிழை கடைசிப் பக்கம் வரை உங்களோடு வரும்.

அதைவிட மோசமானது தசமக் கணக்கு. விமானத்தில் இருக்கிற மீற்றர் 1.3 என்று காட்டும். அது ஒரு மணித்தியாலம் 18 நிமிடம். சிலர் அதை அப்படியே 1:30 என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பறப்பில் 12 நிமிடம் கூடிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட பறப்புகளில் இது சேர்ந்தால், உங்கள் 200 உண்மையில் 200 இல்லை. கொம்பனியில் லொக்புக் பார்ப்பவர் பள்ளியின் பறப்புப் பதிவேட்டை வாங்கி ஒப்பிட்டால், அவர் கண்ணுக்கு இது பொய்க் கணக்காகத்தான் தெரியும். பொய்க் கணக்கு எழுதியவர் என்று ஒரு முறை பெயர் விழுந்தால் இந்தச் சின்ன நாட்டில் அது எங்கும் போகும். 150 மணித்தியாலம் ஆனதும் முதற் பக்கத்திலிருந்து முழுவதையும் கணினியில் ஒரு அட்டவணையாக ஏற்றிக் கூட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் ஒற்றைக் கோடு கீறி, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்து வையுங்கள். வெள்ளை மை பூச வேண்டாம்.

இவ்வளவும் ஆயத்தமாக இருந்தால் லைசென்ஸ் வந்த அன்றே விண்ணப்பம் போடலாம். ஏன் இவ்வளவு அவசரம் என்கிறீர்களா?

எங்கள் நாட்டில் வேலை தருகிற இடங்களை விரல் விட்டு எண்ணலாம். ஏயார்பஸ் ஓட்டுகிற ஸ்ரீலங்கன், ஃபிட்ஸ்எயார், சின்னச் செஸ்னா கரவான் ஓட்டுகிற சினமன் எயார் என்று. அவர்கள் உங்கள் மணித்தியாலம் நிறையும் நாளைப் பார்த்து விளம்பரம் போடுவதில்லை. புது விமானம் வருகிறது, அல்லது விமானிகள் ஒரு கூட்டமாக வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள் என்றால் விளம்பரம் வரும், சில கிழமை திறந்திருக்கும், மூடிவிடும். அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. தம்பியின் அப்பாவுக்கு இதை இப்படிச் சொன்னேன்: இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் முடிவெடுக்கிற அன்றைக்குத்தான் விதைநெல் தேடிப் புறப்படுகிறவர் அந்தப் போகம் விதைக்க மாட்டார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

நான் லைசென்ஸ் எடுத்தது 2019இல். அடுத்த வருடம் கொரோனா வந்து உலகம் முழுக்க விமானங்கள் தரையில் நின்றன. அனுபவமுள்ள கப்டன்மாரே வேலை இழந்தார்கள். அது கொஞ்சம் தெளியும் முன்னே 2022 வந்தது. 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் சில மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. இங்கே எரிபொருள் இல்லாமல் நம் விமானங்கள் எண்ணெய் நிரப்ப இந்தியாவில் இறங்கிப் போன வருடம் அது. என்னோடு படித்தவர்களில் சிலர் இந்தத் துறையே வேண்டாம் என்று போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2023இல் விமானிகள் வெளிநாடு போகப் போக இங்கே ஆள் பற்றாக்குறை வந்தது. அப்போது அழைப்பு வந்தவர்களை எனக்குத் தெரியும். எவருடைய விண்ணப்பம் கோப்பில் ஏற்கனவே இருந்ததோ, எவருடைய மருத்துவச் சான்றிதழும் ரேற்றிங்கும் செல்லுபடியாக இருந்ததோ, அவர்கள்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது. லைசென்ஸ் எடுத்த வருடமே போட்ட விண்ணப்பம், இடையிடையே புதுப்பித்துக்கொண்டே வந்தேன்.

இன்னும் இரண்டு காரணம். ஒன்று, பல எயார்லைன்களில் எல்லாமே சேர்ந்த திகதியைப் பொறுத்தது. யார் முதலில் கப்டன் ஆவது, யாருக்கு விரும்பிய லீவு, யாருக்கு எந்த விமானம் என்று எல்லாம். ஆறு மாதம் முந்திச் சேர்ந்தவர் ஓய்வு வரை உங்களுக்கு ஆறு மாதம் முன்னால்தான் நிற்பார். மற்றது, உங்கள் தகுதிகளுக்குக் காலாவதி உண்டு. முதலாம் தர மருத்துவச் சான்றிதழ் 40 வயதுக்குக் கீழ் ஒரு வருடம். இன்ஸ்ட்ருமென்ட் ரேற்றிங்கும் பல நாடுகளில் ஒரு வருடத்துக்கு ஒருமுறை சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இரட்டை எஞ்சின் விமானம் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். 500 மணித்தியாலம் வரட்டும் என்று காத்திருப்பவர் அந்தக் காத்திருப்புக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். விண்ணப்பம் வேறு, தேர்வு வேறு. விண்ணப்பம் போடுவதால் ஒன்றும் குறைந்துபோகாது. தேர்வுக்குப் போய்த் தவறினால், பல கொம்பனிகள் ஆறு மாதமோ ஒரு வருடமோ திரும்பி வர விடமாட்டார்கள். விளம்பரமே அரிதான இடத்தில் அந்த ஒரு வருடம் பெரிய இழப்பு. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து, நாளைக்கு அழைப்பு வரும் என்ற நினைப்பிலேயே படியுங்கள்.

சிமுலேட்டர் தேர்வில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பெரும்பாலும் உங்களை இன்னொருவரோடு சோடி சேர்ப்பார்கள். ஓட்டோபைலட் இல்லை, வழிகாட்டும் கோடுகளும் இல்லை. வெறும் கருவிகளைப் பார்த்துப் பறக்க வேண்டும். எழும்பி ஒரு உயரத்துக்கு ஏறி, 45 பாகை சாய்த்து ஒரு சுற்று. உயரம் 100 அடிக்கு மேல் அசையக் கூடாது. பிறகு ஹோல்டிங், அதாவது ஒரே இடத்தில் வட்டமிட்டுக் காத்திருப்பது; எந்தப் பக்கத்தால் நுழைவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். பிறகு ஐ.எல்.எஸ். என்கிற, ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ சமிக்ஞையைப் பிடித்து இறங்கி வருவது. நடுவே ஒரு எஞ்சினை நிறுத்தலாம். பழக்கம் விட்டுப்போனவருக்கு முதலில் போவது கண்தான். வேகம், திசை, உயரம் என்று கண் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சில மாதம் பறக்காமல் இருந்தால் கண் ஒரு கருவியில் ஒட்டிக்கொள்ளும். திசையைச் சரி செய்து முடிக்கும்போது உயரம் 200 அடி போயிருக்கும்.

சோதிப்பவர் அதைவிடக் கூர்மையாகப் பார்ப்பது நீங்கள் பக்கத்தில் இருப்பவரோடு எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதை. உங்கள் முறை முடிந்து மற்றவர் பறக்கும்போது அவருடைய உயரம் போகிறது என்றால் சொல்கிறீர்களா? அமைதியாக, அவரைச் சிறுமைப்படுத்தாமல், நேரத்துக்குச் சொல்கிறீர்களா? பெரியவர்களுக்கு எதிரே வாய் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். விமானத்துக்குள் அந்த மரியாதை ஆளைக் கொல்லும். கப்டன் 20 வருடம் மூத்தவராக இருந்தாலும், "சேர், உயரம்" என்று சொல்லத்தான் வேண்டும். இதை வீட்டிலேயே, நண்பரோடு கதிரையில் உட்கார்ந்து, சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பழகலாம். காசு செலவில்லை.

வெளிநாட்டுக்கு எழுதுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐரோப்பிய எயார்லைன்கள் பெரும்பாலும் அவர்களுடைய லைசென்ஸும் அங்கே வசித்து வேலை செய்யும் உரிமையும் இருப்பவரைத்தான் கேட்கும். கனடாவில் பிறந்த உங்கள் மச்சானுக்குப் பொருந்துகிற ஆலோசனை கனடாவில்தான் பொருந்தும். வளைகுடாவின் பெரிய கொம்பனிகள் வெளிநாட்டவரிடம் பொதுவாக ஆயிரக்கணக்கான மணித்தியால ஜெட் அனுபவம் கேட்கின்றன. விளம்பரத்தில் "கட்டாயம்" என்று போட்டிருப்பது இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம். "விரும்பத்தக்கது" என்றால் அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்கிறேன். வேலை உறுதியாகும் முன் ஏ-320 ரைப் ரேற்றிங்கை, அதாவது அந்த ஒரு விமான வகையை ஓட்டுவதற்கான தகுதியை, சொந்தக் காசில் வாங்காதீர்கள். பல்லாயிரம் டொலர் போகும், அதற்கும் ஒரு வருடத்தில் காலாவதி வரும். "இதை எடுத்தால் வேலை நிச்சயம்" என்று சொல்கிற முகவர் யாராவது வந்தால், கடிதத்தில் தரச் சொல்லுங்கள். தர மாட்டார். ஏற்கனவே ஒரு காணி ஈட்டில் இருக்கிற வீட்டில் இரண்டாவது காணியும் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா கேட்ட சம்பளக் கேள்விக்கு வருகிறேன். லைசென்ஸ் வந்து அடுத்த மாதமே சம்பளம் வரும் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டாம். சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள். இந்த இடைவெளியைத் தாங்குவதற்கான வழியைப் படிக்கும்போதே வீட்டோடு பேசி வையுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல வழி இன்ஸ்ட்ரக்டர் ரேற்றிங். அதற்கும் காசு வேண்டும்தான், ஆனால் அதன் பிறகு பறப்பதற்கு நீங்கள் கட்டுவதில்லை, உங்களுக்குக் கட்டுவார்கள். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் எனக்குப் பல விஷயம் உண்மையாக விளங்கியது. அது முடியாது என்றால் வேறு வேலை பாருங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. பரந்தனில் கடையில் கணக்கு எழுதினாலும் மாதத்தில் ஒருமுறையாவது பறக்கவோ சிமுலேட்டரில் உட்காரவோ காசு ஒதுக்குங்கள். விண்ணப்பத்தில் "கடந்த 12 மாதத்தில் பறந்தது" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் பூச்சியம் வரக் கூடாது.

போட்ட விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். 50 மணித்தியாலம் கூடினாலோ, புது ரேற்றிங் வந்தாலோ, மருத்துவச் சான்றிதழ் புதுப்பித்தாலோ ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பில் பெயரும் விண்ணப்ப இலக்கமும். உள்ளே நாலு வரி: முன்பு எழுதியபோது மொத்தம் இவ்வளவு, இப்போது இவ்வளவு, அதில் இரட்டை எஞ்சின் இவ்வளவு, கருவி இவ்வளவு, மருத்துவச் சான்றிதழும் ரேற்றிங்கும் இன்ன திகதி வரை, அழைத்தால் எத்தனை நாளில் வர முடியும். புதுப்பித்த சுயவிபரத்தை (சீவி) ஒரே பக்கத்தில், மணித்தியால அட்டவணை மேலே வருகிற மாதிரி இணையுங்கள். சீருடையில் எடுத்த படமெல்லாம் தேவையில்லை. பதில் வராவிட்டாலும் அடுத்த 50க்கு மறுபடி அனுப்புங்கள்.